பேசி முடிக்க விடு

ரோபோவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் அக்கா டீயைக் கையில் எடுக்கிறார். "அது முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டையில இறங்காது." அரங்கில் எல்லோருக்கும் இவர் அக்கா. நாடக நடிகை. வசனம் மறந்துபோனால் எதிரில் நடிப்பவரைத் திட்டுவார்.

இப்போது நடிப்பது ஓர் ஆராய்ச்சிக் குழுவின் நாடகத்தில். வீட்டில் மனிதரும் ரோபோவும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று மேடையில் பார்க்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை. அக்கா நோயாளி, ரோபோ பணிவிடைக்கு. இந்தப் பேச்சை வைத்துத் திருத்தப்படும் ரோபோக்கள் முதியோர் இல்லங்களுக்குப் போகுமாம். அந்த இல்லங்களில் ஒன்றில்தான் அக்காவின் அப்பா இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு சொல் வந்து அடுத்த சொல் வர நெடுநேரம் ஆகிறது.

ஒத்திகையில் அக்கா அப்பாவைப் போலவே பேசினார்.

"எனக்கு..."

"தண்ணீர் வேண்டுமா?" ரோபோ முந்திக்கொண்டது.

"எனக்கு... அந்த..."

"போர்வை வேண்டுமா?"

"அடச்சீ, வாயை மூடு!"

ஆய்வாளர் மேடைக்கு ஓடிவந்தார். "அக்கா, கொஞ்சம் நிறுத்தாம பேசுங்க. அதுக்குப் புரியும்."

"வீட்ல பேசுற மாதிரி பேசுங்கன்னு கூட்டிட்டு வந்தீங்க. பேசினா தப்புங்கறீங்க. நான் மாத்திக்கிறேன், எங்கப்பாவ யாரு மாத்துவா?"

"பேசி முடிச்சுட்டாரா, யோசிக்கிறாரான்னு அதுக்குத் தெரியலக்கா. சும்மா நின்னா, ரிப்பேர்னு ஜனங்க நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டுமே!"

ஓரமாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. முடியாதவர் பேசி முடிக்கும்வரை பொறுக்காததைக் கொண்டுபோய் முடியாதவர் பக்கத்திலேயே நிறுத்தப் போகிறார்களாம். அநியாயம் இல்லையா?

முதல் காட்சியன்று அக்கா யாரையும் கேட்கவில்லை. "வர்றியாப்பா?" என்று அப்பாவிடம் மட்டும் கேட்டார். அவர் தலையசைத்ததும் சக்கர நாற்காலியோடு மேடையேற்றி, கட்டிலில் தன் இடத்தில் படுக்க வைத்தார். ஆய்வாளர் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தார். அரங்கு நிறைந்திருந்தது.

"எனக்கு..." என்றார் அப்பா.

"தண்ணீர்..." என்று ரோபோ தொடங்க, குரல் வரும் துளைகளை அக்கா உள்ளங்கையால் பொத்தினார். உள்ளே அது முனகிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். அப்பாவின் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

"எனக்கு... கண்ணு... கூசுது."

பொத்திய கையை எடுக்காமலே, மேடை விளக்குக்கு எதிராக மற்றொரு கையை அப்பாவின் கண்களுக்கு மேலே பிடித்தார் அக்கா.