கடைசிக் கூறு

இசைவாணி என் மகன் துரைக்கண்ணுவின் பெண். விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள், நானூறு மீட்டர் ஓடுகிறாள். ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் கறி கூறு போடுவதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஓமந்தூர்ப் பக்கம். தீபாவளிக்குத் தெருவில் சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு வாங்குவோம். அறுத்ததும் ஈரல், கொழுப்பு, எலும்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வாழை இலைகளில் கூறு போடுவார்கள். போட்டவர் மிஞ்சுகிற கூறைத்தான் எடுக்க வேண்டும். துரைக்கண்ணுவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு இசைதான் போடுகிறாள். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

விடுதி அறையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள். நால்வரும் தொடர் ஓட்டத்தில் ஒரே அணி. உடம்பில் தெம்பு ஏறும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பாலில் கலக்கிக் குடிக்கிற பவுடர் இரண்டு டப்பா சேர்ந்து வாங்கினார்கள். இரண்டும் வேறு வேறு. இவள் சும்மா இருந்தாளா? பேப்பரை விரித்து இரண்டையும் கொட்டி, நன்றாகக் கலந்து, டம்ளரால் அளந்து நாலு கவரில் போட்டாள். டப்பாக்கள் குப்பைக்குப் போயின. மிஞ்சின கவர் இவளுக்கு.

அடுத்த போட்டியில் இவள் முதலில் வந்தாள். முதலில் வந்தவளிடம்தான் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்களாம். அதில் ஓடுகிறவர்கள் உடம்பில் சேரக்கூடாத மருந்து இருந்தது என்றார்கள். இனி இவளை ஓட விடுவார்களா மாட்டார்களா என்று ஆகிவிட்டது.

துரைக்கண்ணு கடைக்காரரிடம் போனான். கம்பெனி சீல் வைத்ததை அப்படியே கொடுத்தேன், உள்ளே இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். கோச் தன்னைக் கேட்காமல் ஏன் குடித்தாள் என்றார். ஆளாளுக்குச் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பேஜார்.

விசாரணை எங்கள் வீட்டில் வைத்துச் செல்போனிலேயே நடந்தது. திரையில் விசாரிக்கிற அதிகாரி, ஓர் அம்மா. மருந்து எந்த டப்பாவில் இருந்தது என்று காட்டினால் தண்டனை குறையலாம் என்றார். தெரியாது, கலந்துவிட்டேன் என்றாள் இசை. ஏன் கலந்தாய் என்று கேட்டார்.

"ஒருத்திக்குக் கூடக்குறைய போய்டக் கூடாதுன்னுதாங்க."

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு மற்றவர்கள் யார் யார் என்று கேட்டார். இவள் பேர் சொல்லவில்லை. நான் குறுக்கே தலையை நீட்டினேன்.

"நாலு பேரும்தாம்மா குடிச்சிக்கினு இருந்தாங்க. நாலு பேரையும் சோதிங்க."

"ஆயா, சும்மா இரு" என்று இசை போனைத் திருப்பிக்கொண்டாள்.

உடம்புக்குள் போனதற்கு அவரவரே பொறுப்பு என்றார் அந்த அம்மா. தெரியாமல் போனதற்குமா என்று நான் விடவில்லை. "தெரியாம போனதுக்கும்தான் பாட்டி" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.

அன்று சாயங்காலம் அறைத்தோழி அஸ்வினி போனில் அழுதாள், தானும் வந்து சொல்வதாக.

"நீ வந்தா மட்டும் எந்த டப்பான்னு தெரிஞ்சிடப் போவுதா? போய் ஓடுடி" என்று வைத்துவிட்டாள் இசை.

இரண்டு வருஷம் ஓடக்கூடாது என்று முடிவாயிற்று.

தீபாவளி வந்தது. ஆடு அறுத்தாயிற்று, கூறு போட இவளை யாரும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக் குமரேசன் சிரித்துக்கொண்டே, "இந்த வருஷம் வேற யாராச்சும் கலக்கட்டுமே" என்றான்.

"அவ போட்டாத்தான் எங்க ஊட்டுக்குக் கூறு. இல்லன்னா நீங்களே தின்னுக்கினு கெடங்க" என்றேன். குமரேசனே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவள் குனிந்து போட்டு முடித்தாள். ஈரல் நன்றாகத் தெரிந்த ஓர் இலையை நான் முந்தி எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, நம்மது கடைசி."

எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சியதைக் கொண்டுவந்தோம். வீட்டில் இலையைப் பிரித்துப் பார்த்தேன். ஈரல், கொழுப்பு, எலும்பு, ஒன்றும் குறையவில்லை, மற்றவர்கள் இலை போலத்தான் இருந்தது. இத்தனை சரியாகப் பிரிக்கிறவளுக்கு அந்தக் குற்றம் மட்டும் எப்படி முழுசாக வந்து விழுந்தது என்று அவளையே கேட்டேன்.

இஞ்சி அரைத்தாயா என்று கேட்கிறாள்.