'வே' என்று தட்டினால்

'க' என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசித் திரைமேல் குனிவார் லிஃப்ட் மெக்கானிக். விசைகளுக்கு மேலே மூன்று சொற்கள் வந்து நிற்கும்: கதவு, கயிறு, கரண்ட். "வந்துட்டாங்கப்பா!" என்று வாய்விட்டு வரவேற்பார். 'ப' தட்டினால் 'பாக்கலாம்' வரும். அவர் வாயிலும் அதுதான் முதலில் வரும். பெண் பார்த்துச் சொன்னவர்களுக்கும் அதையே சொல்லிச் சொல்லி ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'பாக்கலாம்' சார்தான்.

அந்தக் கைப்பேசி யாரோ வேண்டாமென்று கழித்துப்போட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதை எழுப்பி உட்காரவைத்தவர் இவர். திரையில் விசைப்பலகை வந்தது. முதல் எழுத்தைப் பார்த்து முழுச் சொல்லை எடுத்துக்கொடுக்கும் வசதி மட்டும் இல்லை. அந்த மென்பொருளைக் காசு வாங்காமல் எழுதிக்கொடுக்கும் ஆட்களிடம் கேட்டார். "நீங்களே சேர்த்துடுங்களேன்" என்று பதில் வந்தது. அன்றைக்கு மட்டும் அவர் பாக்கலாம் என்று சொல்லவில்லை.

காரணம், அக்கா. துணிக்கடையில் முப்பது வருடம் பேசிப் பேசியே விற்றவர். தொண்டையில் ஓர் ஆபரேஷன், குரல் போயேபோய்விட்டது. கை நடுக்கத்தில், தாளில் எழுதுவதை யாராலும் படிக்க முடியாது. திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டித் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் தாகமே அடங்கிவிடும். தம்பி இரண்டு மாதம், தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து, சொல் எடுத்துக்கொடுக்க அந்த விசைப்பலகைக்குக் கற்றுக்கொடுத்தார். எந்தச் சொல் முன்னால் வர வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே! நாலு வருடமாகத் தான் அனுப்பிய செய்திகளையெல்லாம் அள்ளி அதில் கொட்டி, கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தார்.

அக்காவுக்குப் பேச்சு வந்தது, தம்பியின் பேச்சு. காப்பி கேட்க ஆரம்பித்தால் கதவு வந்து நிற்கும். அலுத்துப்போய் அதையே தொட்டுவிடுவார். இவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்.

"அம்மா பேசுற மாதிரியே இல்ல மாமா. வீட்ல நீங்க ரெண்டு பேர் இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா மகள். இவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

போன வாரம் டாக்டர் இன்னொரு ஆபரேஷன் பற்றிச் சொன்னார். குரல் திரும்பலாம், விழுங்குவதே சிரமமாகியும் போகலாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. முடிவு அவங்களோடதா இருக்கணும்" என்று ஒப்புதல் படிவத்தையும் கொடுத்தார். முடிவு தெரிந்தபின் எடுக்கலாமென்று இவர் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் வேணுமா வேணாமாக்கா?"

அக்கா 'வே' தட்டினார். முதலில் வந்ததைத் தொட்டார். வேணாம்.

தம்பி சொற்பட்டியலைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தார். வேணாம், நானூற்றுப் பன்னிரண்டு தடவை. வேணும், பத்தொன்பது. "நாலு வருஷத்துல பத்தொம்போதுதானா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அக்கா சொன்னது அக்காவின் பதிலா, தன்னுடைய பதிலா? வரிசையை மாற்றி, வேணும் என்பதை முன்னால் வைத்துவிட்டு மறுபடி கேட்டார். அக்கா 'வே' தட்டி, முதலில் வந்ததைத் தொட்டார். வேணும்.

இப்போது இருந்த தெளிவும் போயிற்று. இரண்டு நாள் லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் பதில் மூன்றாம் மாடியில் இறங்கி நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை. "தலைய ஆட்டச் சொல்லுங்க மாமா" என்றாள் அக்கா மகள். அடடே என்று இவர் அக்கா பக்கம் திரும்பி, "வேணுமா வேணாமாக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். அக்கா பலமாகத் தலையாட்டினார். எதற்கு? மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் பட்டியலையே அழித்துவிட்டுக் கைப்பேசியை நீட்டிவிட்டார்.

"ஒவ்வொரு எழுத்தா அடிக்கா. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

விசைகளுக்கு மேலே ஒன்றும் வரவில்லை. நடுங்கும் விரல் தட்டியது, அழித்தது, மறுபடி தட்டியது. சரி என்றால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இவருக்குப் பயம். வேண்டாம் என்றால் அந்தக் குரலை இனிக் கேட்கவே முடியாதே என்று துக்கம். நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நிமிடம் கழித்துக் கைப்பேசி அவர் பக்கம் திரும்பியது.

'ஒனக்கு என்னடா வேணும்'

"எனக்கா? எனக்கு... நீ வந்து..." என்று தொடங்கினார்.

அக்கா காத்திருக்கவில்லை. பையை இழுத்தார், படிவத்தை உருவினார், தம்பியின் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். கட்டத்தை மீறி, கீழே இரண்டு வரிகளையும் தாண்டிக் கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, 'சாட்சி' என்று அச்சிட்டிருந்த இடத்தை விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.