மடுல்சீமைக்குத் திரும்பிப் போன செல்வராணி

2005 மார்கழியில் போன பயணம் இது. கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்கள் தங்கும் இல்லமொன்றில், பதுளையில் அப்போது வேலை செய்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த செல்வராணி, அங்கே விட்டுவந்த மூன்று பிள்ளைகளையும் கூட்டிவர வேண்டும் என்றாள். துணைக்குப் போனேன். இப்படித் துணை போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. முந்தைய கர்ப்பம் கணவன் உதைத்ததில் ஐந்தாம் மாதமே கலைந்திருந்தது. சோதனை முடிவு வரும்வரை என் கையை அவள் விடவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். “பயப்பிடாதேங்கோ, பிள்ளை தங்கேல்லை” என்றார்.

கர்ப்பமில்லை என்ற நிம்மதியில் செல்வராணி வாய்விட்டு அழுதாள். பிறகு, “புள்ள தங்காம இருக்க ஊசி போடுவாங்களாமே, எனக்கும் போடுங்கம்மா. வீட்டுக்காரரு கையெழுத்து வேணுமாங்க?” என்று கேட்டாள்.

“தேவையில்லை. உங்கட விருப்பம் போதும். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாங்கோ.”

அன்றே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினோம். பசறை வழியாக மடுல்சீமைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி முழுக்க மழை. கடைத்தெருவில் ஆட்டோ பிடித்தோம். பாலத்தடியில் டிரைவர் நிறுத்திவிட்டார்: “மண்ணு சரிஞ்சு கெடக்குங்க, இனி நடந்துதான் போகணும்.”

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மூத்த மகள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. கணவன் வாசலை மறித்து நின்றான்.

“நீ போறதுன்னா போ. புள்ளைங்க எங்கயும் வராது.”

நான் பேசிப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. அதே லயத்தில் பக்கத்து அறைகளில் குடியிருந்த காம்பராக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செல்வராணி அவனைத் தாண்டி உள்ளே போய், மகளின் கையிலிருந்த பானையை வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

“நீங்க போங்கக்கா, கடைசி பஸ் போயிரும்.”

“அடிப்பாரே?”

“அடிப்பாருதான். இன்னொரு புள்ள அதுல சாகாதில்ல.”

தனியாகத் திரும்பினேன். அவளைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டுமா என்று பசறை வரை யோசித்தேன்.

துணை போகிறவர்களுக்கு: ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டே பஸ் ஏறுங்கள். ஊசியைப் பற்றி வழியிலோ லயத்திலோ வாய் திறக்காதீர்கள். அடுத்த ஊசி எப்போது என்பதை அவளோடு நீங்களும் நினைவில் வையுங்கள். திரும்பிப் போகிறவளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டாள்.

மூன்று மாதம் கழித்துச் செல்வராணி வந்தாள். இடுப்பில் கடைக்குட்டி, உதட்டில் தையல். ஊசி போட்டுக்கொண்டாள். இல்லத்திலேயே தங்கிவிடச் சொன்னேன்.

“மத்த ரெண்டும் அங்க இருக்கேக்கா” என்று சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஏறினாள்.