பெட்டி வண்டி ஷேக் தாவூது

வண்டியின் செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டால் ஷேக் தாவூதுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கிறார். கழுவியதை முற்றத்து மாதுளைக் கிளையில் மாட்டுகிறார். கறுப்புத் தண்ணீர் சொட்டி முடிந்ததும், தகர டப்பாவில் கிரீஸை உருக்கி, செயினைச் சுருட்டி அதற்குள் இறக்கி, குச்சியால் அமுக்கிவிட்டு, அது ஆறும்வரை பக்கத்திலேயே இருக்கிறார். வியாழக்கிழமை என்றால் மணமேல்குடியில் அவரை வேறெங்கும் தேட வேண்டாம்.

“கடக்கரை உப்பும் மணலும் எந்தச் செயினத் திங்காம விட்டுச்சு? அதுக்கு முந்தி நாமதான் எண்ணெய ஊட்டி விடணும்” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் அது. திருச்சியில் ஏலத்தில் எடுத்து வந்தார். இடப்பக்கம் ஆசாரியைக் கொண்டு மரப்பெட்டி ஒன்று செய்து பொருத்தி, மேலே கூண்டு வளைத்து, சுற்றிலும் பச்சைத் துணியில் திரை கட்டினார். மூன்று பெண்கள் நெருக்கி உட்காரலாம். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் பெரிய வீட்டுப் பெண்கள் வெளியே போவதென்றால் திரை போட்ட மாட்டுவண்டிதான் என்றிருந்த காலம் போய், இப்போது பெட்டி வண்டியைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்நிய ஆண் ஓட்டும் வண்டியில் பெண்ணைத் தனியாக ஏற்றுவது வழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் அவருடைய மனைவி ரமீஜாவும் திரைக்குள் ஏறிக்கொள்கிறாள். “ரமீஜா கூட வருதா?” என்பதுதான் எந்த வீட்டிலும் முதல் கேள்வி.

நான் இந்த ஊர்ப் பிரசவ நிலையத்து நர்ஸ். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அழைப்பு வந்தால் எனக்கும் அந்தப் பெட்டிதான் கதி. கதி என்று சொல்வது சும்மா. எனக்கு அதில் கொள்ளை ஆசை. திரை விழுந்ததும் வெயில் பச்சையாகிவிடும். சவுக்குத் தோப்பும் உப்பளமும் துணியின் மேல் நிழலாக ஓடும். எஞ்சினின் தடதடப்புக்கு அடியில் செயின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வரும். எதிரே இருப்பவள் கண் அயர்வாள், என் தலையும் சரியும். போகிற இடத்தில் ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருப்பாள் என்பது நினைவிருந்தும், இன்னும் கொஞ்சம் ஊர் வராமல் இருக்கட்டுமே என்று தோன்றும். பாவம்தான், என்ன செய்ய?

பெட்டிக்குள் தூங்காதவள் ரமீஜா ஒருத்திதான். பெட்டியின் முன்பக்கத் துளை வழியாக ஒரு கயிறு போய் ஷேக் தாவூதின் இடது முழங்கையில் முடிந்திருக்கும். மறுமுனை அவள் விரலில். ஒரு இழுப்பு என்றால் மெதுவாகப் போக வேண்டும். விடாமல் இழுத்தால் நிறுத்த வேண்டும். பெண் குரல் வெளியே போகாமல் காரியம் நடக்கிறதே என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

விஷயம் வேறு. அவருக்குக் காது கேட்காது.

பர்மாப் பக்கம் ராணுவத் தபால் கொண்டு போன நாளில் அருகே விழுந்த குண்டு வலது காதை முழுசாகக் கொண்டு போயிற்று. இடது காதும் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டு வருகிறது. வாயை ஒட்டவைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் ஏறும். ரமீஜாதான் ஒருநாள் திரைக்குள் என்னிடம் சொன்னாள். “வெளிய தெரிஞ்சா யாரு நம்ம வண்டியில பொம்பளைய ஏத்துவாங்க, நர்சம்மா? மறுநாளே மாட்டப் பூட்டிருவாங்க. எங்க ஆத்தாவுக்கே தெரியாது.”

அதற்குப் பிறகுதான் அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. எதிராளிக்கு வாய் திறக்க இடமே கொடுக்க மாட்டார். “வாங்க வாங்க, எங்கிட்டு, அறந்தாங்கிதானே, ஆஸ்பத்திரிதானே, மழை வராது, ஏறுங்க” என்று கேள்வியையும் பதிலையும் அவரே முடித்துவிடுவார். உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகத்தில் பாதி. ஊரில் அவருக்கு வாயாடி என்று பெயர். செவிடன் என்ற பெயருக்கு அது தேவலை என்று அவர் சிரித்துக்கொண்டே சுமக்கிறார்.

ஆகவே வண்டியின் சத்தத்தைக் கேட்பது ரமீஜாவின் வேலை. வறண்ட செயின் ஒரு மாதிரி கீச்சிடும், தொய்ந்தது சளக்கென்று அடிக்கும், இறுகிப்போன கண்ணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக்கென்னும். அவள் கயிற்றை இழுப்பாள். அவர் இறங்கி எண்ணெய்க் குப்பியை எடுப்பார்.

சென்ற வருஷம் அவள் மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தன. இரண்டும் அழவில்லை. இந்த முறை அறந்தாங்கி ஆஸ்பத்திரிதான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “அப்ப புதுச் செயின் போடணும். இது என்னயக் கொண்டு சேக்காது” என்றாள் அவள்.

திருச்சிக்குச் சொல்லி வைத்து, நெடுநாள் கழித்துப் புதுச் செயின் வந்தது. மாட்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் பழைய செயினை முழுசாக உருவவில்லை. அதன் வாலில் புதிய செயினின் தலையை ஒரு கண்ணியால் கோத்து, பழசை மெல்ல இழுத்தார். அது வெளியே வர வர, புதுசு எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தானே சுற்றிக்கொண்டு வந்து நின்றது. இரு முனைகளையும் பின்சக்கரத்தில் சேர்த்து, கிளிப்பை மாட்டினார். “கிளிப்போட தெறந்த வாய் பின்னாடி பாக்கணும், நர்சம்மா. முன்னாடி பாத்தா வழியிலேயே கழண்டுக்கும்.”

பிறகு மேடிட்ட வயிற்றோடு ரமீஜாவைப் பெட்டியில் ஏற்றி, தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். திரையை விலக்கி அவள் வாயையே பார்த்தார்.

“ஒண்ணுமே கேக்கலங்க” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

“அப்ப ஒனக்கும் எனக்கும் ஒண்ணாப் போச்சு” என்றார்.

வலி கண்டது ஒரு காலை வேளையில். பெட்டியில் ரமீஜா, அவளுடைய தாயார், நான். பாதி வழிகூடப் போயிருக்க மாட்டோம், ரமீஜா பல்லைக் கடித்துக்கொண்டு, “செயின் அடிக்குது” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புதுச் செயின் பாரத்தில் ஓடிப் படியும்போது தொய்யும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கயிற்றை நான் இழுத்தேன்.

அவர் இறங்கி, பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துத் திருகையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். மறுபடி முடுக்கினார். அவசரமே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில், துணிக்கு இந்தப் பக்கம், ரமீஜா அலறினாள். அவர் தலை நிமிரவில்லை. அது அவருக்குக் கேட்காமல் இருந்ததற்காக, என் மாதாவுக்கு அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன்.

திரையிடுக்கில் அதைப் பார்த்த தாயாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எம்புள்ள உசுரு போகுது, திரும்பிப் பாக்குறாரா பாரு. இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரருக்கா கட்டிக் குடுத்தோம்!”

என் வாய் துறுதுறுத்தது. ரமீஜா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “சொல்லிராதீங்க” என்றாள். அடுத்த வலி வந்து அவள் வாயை அடைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மத்தியானத் தொழுகை நேரத்துக்குள் பெண் பிறந்தது. பிறந்ததும் ஒரு கணம் சும்மா கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு எடுத்தது பார், ஒரு குரல்! அதற்குப் பிறகு ஓயவே இல்லை.

தாயார் அதைத் துணியில் சுற்றி வராந்தாவுக்கு எடுத்துப் போனாள். ஜெகதாப்பட்டினத்து வாடிக்கைக்காரர்கள் சிலர், வேறு பிரசவத்துக்கு வந்தவர்கள், அங்கே நின்றிருந்தார்கள். ஷேக் தாவூது தூணோரம் இருந்தார்.

“இந்தாங்க மாப்ள, பாங்கு சொல்லுங்க” என்று தாயார் நீட்டினாள். பிறந்த பிள்ளையின் காதில் தகப்பன் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்ல வேண்டும்.

வாங்கிக்கொண்டார். பிள்ளையின் வாய் சிவப்பாகத் திறந்து திறந்து மூடுவதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், அழுகிறது, அழுகிறது என்று.

“பாங்கு சொல்லுங்க மாப்ள” என்றாள் தாயார் மறுபடியும். ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை பேர் முன்னிலையில் அவர் குனிந்து, தன் இடது காதைப் பிள்ளையின் வாயோடு ஒட்டவைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அது அழுது களைக்கும்வரை நிமிரவே இல்லை.