பறவைகளுக்கு வந்த மானியம்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு திரைச்சீலை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பறவைகள் மேல் எனக்கு உருகிக் கரைகிற பாசமெல்லாம் அப்போது கிடையாது. சாயல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மைல் நடந்தால் வருகிற வானம் பார்த்த ஊர் ஒன்றில், ஓராசிரியர் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியார். இருபத்து நாலு வயது. பாடம் நடத்தியது போக மிச்சப் பொழுதெல்லாம் நாடகப் பைத்தியம். ஊர் இளவட்டங்களைச் சேர்த்து ராஜா நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன். கிரீடம் இருந்தது, அட்டைக் கத்தி இருந்தது, திரை மட்டும் இல்லை. இரண்டு பேர் ஜமுக்காளத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். ராஜா சாகிற நேரம் பார்த்து அவர்களில் ஒருவனுக்குத் தும்மல் வரும், ஜமுக்காளம் சரியும், செத்த ராஜா எழுந்துபோய் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு வந்து மறுபடி சாவார். ஜனங்களுக்கு அந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். எனக்கு மானம் போகும்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய பிறகு பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் திடீரென்று தேசத்தின் மேல் கரிசனம் பொங்கிய காலம் அது. அப்படிக் கரிசனம் பொங்கிய சிலர் சேர்ந்து ஒரு தர்ம ஸ்தாபனம் வைத்திருந்தார்கள். வனஜீவராசிகள் பாதுகாப்பு, இளைஞர் விளையாட்டு, இளைஞர் கலை ஆகிய மூன்றுக்கும் மானியம் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நான் கலைக்கு மட்டும் மனுப் போட்டேன். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன். இந்த முறை ஒரு கார்டு வந்தது. மூன்றையும் ஒருசேர வளர்க்கிற கிராமங்களுக்கே முன்னுரிமையாம். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சடுகுடு இருந்தது. வனஜீவராசிகளுக்குக் கண்மாய் இருந்தது.

அந்தக் கண்மாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேல மரங்கள் பாதி முழுகிவிடும். எங்கிருந்தோ நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் கூட்டங்கூட்டமாக வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்பது ஊர்க் கணக்கு. அதனால் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் கண்மாய்க் கரைக்கு வந்ததும் தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு பேசாமல் நடப்பார். கரைமேல் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. மடைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி சண்டை வந்தால்கூட, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் காதருகே ஒருவர் குனிந்து ரகசியமாகத் திட்டிக்கொள்வார்கள். அம்மாவை இழுக்கிற வசவு உட்பட எல்லாம் குசுகுசுதான். புதிதாக வந்த நான் முதல் வாரம் அதைப் பார்த்து, ஏதோ பங்காளிகள் பாசமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மனுப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பறவைகளைக் காக்க ஊரார் எடுத்த நடவடிக்கைகள் யாவை? ஊரார் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். சும்மா இருந்தோம் என்று எழுதினால் எவன் திரை வாங்கித் தருவான்? மூன்று பக்கம் எழுதினேன். பறவைக் காவல் இளைஞர் படை, வாரந்தோறும் பறவை வழிபாடு, முட்டைக் கணக்கெடுப்பு என்று என் கற்பனைக் குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. ராஜா நாடகத்தில்கூட நான் அவ்வளவு வசனம் எழுதியதில்லை.

மனுவில் கைநாட்டு வாங்க ஊர் நாட்டாமையான அம்பலத்திடம் போனபோது, மடையடி வயல்காரி அங்கே நின்றார். அவர் புருஷன் கொழும்புக்குப் போனவர் போனவர்தான், கடிதாசி இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மடையைத் திறந்தால் முதலில் நனைகிற சின்னக் குண்டு வயல் அவருடையது. பறவை எச்சம் கரைந்து பச்சையாக வருகிற தண்ணீர் அதில்தான் முதலில் பாயும். எரு வாங்க வக்கில்லாத அவருக்கு அந்தத் தண்ணீர்தான் எரு, நெல், பிள்ளைகளின் கஞ்சி எல்லாம்.

"வாத்தியாரே, அதுக பாட்டுக்கு வருதுக, போகுதுக. பட்டணத்துக்காரவுகளுக்கு எதுக்கு இதெல்லாம் எழுதுறீக?" என்றார்.

"ஊருக்கு நல்லதுதானக்கா. உங்க வயலுக்கும் நல்லது" என்றேன். வாய் கூசவே இல்லை.

மானியம் கிடைத்துவிட்டது! தை மாதம் ஸ்தாபனத்தின் தலைவரே நேரில் வந்து வழங்குவார் என்று கடிதம் வந்தது. கூட்டுக்குக் கூடு குஞ்சு பொரித்து வாய் பிளந்துகொண்டிருக்கிற மாதம். விழாவைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்று எழுதினேன். முடியாதாம். தலைவருக்குப் பின்னால் பறவைகள் தெரிகிற மாதிரிப் படம் எடுக்க வேண்டுமாம், கரையில்தான் மேடை. நானும் சரி என்று எழுதிவிட்டேன்.

முந்தின நாளே ஸ்தாபனத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். சாமான்களைப் பார்க்க வேண்டுமே! சடுகுடு ஆடுகிறவர்களுக்குக் கான்வாஸ் ஷூ. உடைமுள் காட்டில் உதைத்து விளையாட ஒரு தோல் பந்து. அதன் ஆயுள் முதல் உதையோடு முடிந்தது. பறவைகளுக்கு ஒரு தகரப் பலகை. "பறவைகள் வாழுமிடம். சத்தம் செய்யாதீர்." அதைக் கரையோர மரத்தில் வைத்துச் சுத்தியலால் டமார் டமார் என்று ஆணி அடித்தார்கள். அந்த மரத்து நாரைகள் எல்லாம் எழும்பி அடுத்த மரத்துக்குப் போயின. நான் பலகையைப் பார்க்கவில்லை. சணல் கட்டிய நீள உருண்டை ஒன்று மாட்டு வண்டியில் கிடந்தது. அதுதான் என் திரை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தலைவர் வந்தார். நல்ல மனிதர்தான், பார்க்கிற பிள்ளைகளின் கன்னத்தையெல்லாம் தட்டினார். கூடவே ஒரு புகைப்படக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு அதிகாரி. அதிகாரிக்குச் சடுகுடு பிடிக்கவில்லை. அது மல்லுக்கட்டு, விளையாட்டு இல்லை என்றார். ஓட்டப் பந்தயம்தான் வைக்க வேண்டும், கரை நெட்டுக்கு நல்ல ஓடுபாதை இருக்கிறதே என்றார். பையன்கள் ஷூவை மாட்டிக்கொண்டு வாத்து நடை நடந்து வரிசையில் நின்றார்கள். அதிகாரி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தார். பந்தயம் தொடங்கி வைக்கிற துப்பாக்கி. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்.

அது வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை.

சுட்டார்.

கண்மாய் மொத்தமும் எழும்பியது. வெயில் மறைந்துவிட்டது. இறக்கை அடிக்கிற சத்தத்தில், அவர்கள் மேடையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் பாட்டே கேட்கவில்லை. தலைவர் இரண்டு கையையும் விரித்து, "ஆகா! ஆகா!" என்றார். புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் படப்பெட்டியில் தகடு மாற்றிக்கொண்டிருந்தாராம்.

"அதுக்கென்ன, கொஞ்சம் உட்காரட்டும். இன்னொரு தடவை சுடுங்க" என்றார் தலைவர்.

இப்போது ஊர் ஜனங்களைப் பாருங்கள். அத்தனை பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒருவர் கத்தியிருந்தால் போதும், எல்லாம் நின்றிருக்கும். ஆனால் நிற்பது கரைமேல். பிறந்ததிலிருந்து அங்கே கத்தியறியாத ஜனம். அம்பலம் மேடைக்கு ஓடிப்போய், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தலைவர் காதில், "அய்யா, வேணாங்கய்யா, குஞ்சு பொரிச்சிருக்கு, தாய் கூட்ட விட்டு எந்திரிச்சா காக்கா வந்துரும்ய்யா" என்று ரகசியம் சொன்னார். பக்கத்திலேயே ஒலிபெருக்கிக் குழாய் அலறிக்கொண்டிருந்தது. தலைவருக்கு ஒரு எழுத்துக் காதில் விழவில்லை. அம்பலம் நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். கீழே பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு குசுகுசுத்தார்கள். அதிகாரி என்னிடம், "எவ்வளவு கட்டுப்பாடான ஜனங்க பாருங்க" என்று மெச்சினார்.

இரண்டாவது தடவையும் சுட்டார்கள். அதில் படத்துக்குள் ஒரு பையனின் தலை வந்துவிட்டதாம்.

மடையடி வயல்காரி என்னிடம் வந்தார். அப்போதும் ரகசியக் குரல்தான். "வாத்தியாரே, நீங்க எழுதிக் கூப்பிட்ட ஆளுக. நீங்க சொன்னாக் கேப்பாக. நிப்பாட்டச் சொல்லுங்க. அங்கன பாருங்க, காக்கா இறங்கிருச்சு."

பார்த்தேன். கருவேல மரங்களில் காக்கைகள் கூடு கூடாகத் தாவிக்கொண்டிருந்தன. தாய்ப் பறவைகள் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. மேடையில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் என் திரை கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. அது இன்னும் என் கைக்கு வரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவைதானக்கா" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் வீசி, அடிவயிற்றிலிருந்து காக்கைகளை விரட்டிக் கத்தினார். அந்தக் கரையில் நான் கேட்ட முதல் மனிதக் கூச்சல் அது. ஊரே விக்கித்துப்போய் நின்றது. நான் மாலைத் தட்டை எடுத்துக்கொண்டு தலைவர் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது தடவையும் துப்பாக்கி வெடித்தது. படம் பிரமாதமாக விழுந்துவிட்டதாகப் புகைப்படக்காரர் சொன்னார்.

"யாரு அந்தப் பொம்பளை? சித்தம் சரியில்லையா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா, கொஞ்சம் அப்படித்தான்" என்றேன்.

இதை எழுதும்போது இன்றைக்கும் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று அறுக்க யாரும் இல்லை, மாலை போட்டார்கள். தலைவர் அரை மணி நேரம் பறவைகளின் அமைதியான வாழ்வைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசினார். பேச்சு முடிந்து என் திரையைத் தந்தார். விரித்துப் பார்த்தால், தாமரைக் குளம், இரண்டு அன்னம், அந்த அன்னங்களைவிடப் பெரிய எழுத்தில் ஸ்தாபனத்தின் பெயர். எந்த ராஜா செத்தாலும் அந்தப் பெயருக்கு அடியில்தான் சாக வேண்டும்.

நாலைந்து நாளில் மரங்கள் காலியாகிவிட்டன. முட்டை ஓடும் இறகும் கரையொதுங்கின. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடகத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. ராஜாவாக நடிப்பவன் வயிற்று வலி என்றான், மந்திரி ஆடு மேய்க்கப் போகிறேன் என்றான். திரையைச் சுருட்டிப் பள்ளிக்கூட உத்தரத்தில் செருகி வைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. கண்மாய் நிறைந்தது. கார்த்திகை போய் மார்கழி வந்தது, பறவைகள் வரவில்லை. மடையில் தெளிந்த தண்ணீர் ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மடையடி வயலில் பயிர் மஞ்சள் பூத்து, ஒரு சாணுக்கு மேல் வளரமாட்டேன் என்று நின்றது. இரண்டு பெண் பிள்ளைகளில் மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, கடற்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவள்தான் என் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை.

அந்தச் சமயத்தில் தபாலில் ஸ்தாபனத்தின் ஆண்டு மலர் வந்தது. உள்ளே இரண்டாம் வருஷ மானியத்துக்கு ஒரு பாரம். அம்பலத்திடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வாத்தியாரே, அவுக வராம இருக்குறதுக்கு ஏதும் மானியம் இருக்கா? இருந்தா அதுக்கு எழுதுங்க, எல்லாரும் கைநாட்டு வைக்கிறோம்."

மலரைப் பார்க்க நாலைந்து பேர் கூடினார்கள், மடையடி வயல்காரியும் வந்தார். நடுப்பக்கம் முழுக்க அந்தப் படம். வானம் நிறையப் பறவை. கை விரித்து நிற்கிற தலைவர். பக்கத்தில் மாலைத் தட்டோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான். வலது மூலையில், தண்ணீருக்குள், கையை உயரத் தூக்கி வாயைத் திறந்தபடி மடையடி வயல்காரி.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "எம் படத்துக்குக் கீழ என்னமோ எழுதிருக்கே, என்ன அது?"

படித்தேன். "பறவைகளைக் கண்டு ஆனந்தத்தில் ஆர்ப்பரிக்கும் கிராமத்துப் பெண்."

"நீங்க எழுதுனதா?" என்றார்.

"இல்லக்கா. சத்தியமா நான் எழுதலை. அவுக எழுதுனது."

அவர் மலரை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நல்லாப் பாருங்க வாத்தியாரே. உங்க எழுத்தாத்தான் இருக்கும்."