உறையில் இருந்த என் பெயர்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒருமுறைகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா புள்ள" தான். பஸ்ஸில் இடம் பிடித்துக்கொண்டு கத்தினாலும் அதேதான். பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த மனுஷர் தொண்ணூற்றெட்டில் எங்கள் மலை மிளகைப் பொட்டலம் போட்டுச் சோளக்காடு சந்தையில் விற்க ஆரம்பித்தபோது, உறையில் என் பெயரை அச்சடித்துக்கொண்டு வந்து நின்றார். "வேற பேரு எதுவும் தோணுல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாதென்று, நாமக்கல்லில் ஒரு வக்கீல் எழுதிக் கொடுக்க, எங்கள் விலாசத்திலேயே டிரேட்மார்க்குக்கு விண்ணப்பம் போட்டார். அடுத்த வருஷம் சிங்க முத்திரையோடு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. உடனே பணம் கட்டாவிட்டால் பெயர் போய்விடும் என்று ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பயந்துபோய், இருந்த மிளகையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளி, பேங்கில் டிடி எடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் காட்டினோம்.

"ஏனுங்க, இது கவர்மென்ட் கடுதாசியே இல்லீங்க. எப்படியோ விலாசத்தப் புடிச்சு ஏமாத்தறானுங்க. இனி எது வந்தாலும் எங்கிட்டக் காட்டிட்டுச் செய்யுங்க."

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி மலையேறினோம். வீட்டுக்கு வந்ததும், "நான் ஏமாந்தது ஊருக்குத் தெரிய வேண்டாம் புள்ள" என்றார். மறுவருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

ஐந்து மாதம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதே இங்கிலீஷ், அதே சிங்கம். எனக்கு வந்ததே கோபம். செத்தவரையும் விடமாட்டார்களா என்று கிழித்து, டீக்குத் தண்ணீர் வைத்திருந்த அடுப்பில் போட்டேன். வக்கீல் சொன்னது மறந்துவிடவில்லை. மலையிறங்கிப் போய் மறுபடியும் ஏமாளி என்று பேர் வாங்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அதுதான் நிஜக் கடிதம். விண்ணப்பத்தில் ஏதோ விளக்கம் கேட்டிருந்தார்கள். கெடுவுக்குள் பதில் போகாததால் அதைத் தள்ளிவிட்டார்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டார். இனி அந்தப் பெயரில் நான் மிளகு விற்கக்கூடாதென்று அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான் வக்கீலிடம் ஓடினேன். இதெல்லாம் அவர் விசாரித்துச் சொல்லித்தான் தெரிந்தது.

"கேஸ் போடலாங்க. நீங்கதான் மொதல்ல வித்தீங்கன்னு காட்டப் பழைய பில்லு இருக்குதுங்களா?"

சோளக்காட்டில் பொட்டலம் மிளகுக்கு யார் பில் போட்டார்கள்?

"அது என்ற பேருங்க" என்றேன்.

"தெரியுதுங்க" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது வெறும் உறையில் விற்கிறேன். பழக்கப்பட்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அது இல்லீங்க" என்கிறேன். வாயால் ஒருநாளும் சொல்லாத என் பெயரை அவர் எழுதி வைத்தது அந்த ஓர் இடத்தில்தான். அதைக் காப்பாற்ற விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை எரித்துத்தான் அன்றைக்கு நான் டீ போட்டுக் குடித்தேன்.