பின்னோக்கி நடப்பவர்களின் கரை

காலை ஐந்தே முக்காலுக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினோம். ஜெயந்தி அக்காவின் மடியில் பழைய சேலை சுற்றிய நீளமான பொட்டலம். உள்ளே, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய உலோகம் தேடும் கருவி. என் காலடியில் சாக்கில் சுற்றிய மண்வெட்டி.

மூன்று வாரங்களுக்கு முன் பாம்பன் தீவுக்கு விடுமுறைக்குச் சென்றபோது, தனுஷ்கோடி மணலில் அக்காவின் தங்கத் தோடுகளில் ஒன்று விழுந்துவிட்டது. கல்யாணத்தன்று மாமியார் போட்டுவிட்டது. இப்போது இரண்டு காதிலும் கவரிங். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டில் விசேஷம். மாமியார் தோட்டைக் கட்டாயம் கேட்பார்.

“என்னக்கா, தூண்டிலா?” என்றார் நடத்துநர்.

“ஆமாண்ணே. தங்க மீனுக்கு.”

மதுரையில் வண்டி மாறி, பதினொன்றரைக்கு ராமேஸ்வரம். அங்கிருந்து தனுஷ்கோடி இருபது கிலோமீட்டர். காத்திருந்து திரும்ப ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

அக்கா அன்று உட்கார்ந்திருந்தது ஓலைக்கடைக்கும் கவிழ்த்த படகுக்கும் நடுவே. அந்த இடம் முழுவதையும் கருவியால் துழாவினோம். பாட்டில் மூடி, ஆணி, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஆகியவையே கிடைத்தன. அவசரத்தில், தோண்டிய குழிகளை மூடாமலே நகர்ந்துகொண்டிருந்தோம்.

ஒரு மணியளவில், கடலில் விரித்த வலையின் கயிற்றைப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு பேர் எங்களை நோக்கி முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். கரைவலையை அப்படித்தான் இழுக்க வேண்டும்: கண் கடல் மேல், கால் பின்னோக்கி. கயிற்றின் நுனியில், எங்களுக்கு அருகில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“கண்ணிவெடியா எடுக்கிய?” என்று சிரித்தார். குழிகளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “தம்பி, எங்களுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? போன மாசம் இப்பிடி ஒரு குழியில விழுந்துதான் எங்க ஆளு கால் ஒடிஞ்சு கெடக்கான்.”

“கொஞ்சம் நிறுத்த முடியாதாண்ணே?”

“வலை தண்ணிக்குள்ள இருக்கு. விட்டா நீரோட்டம் கொண்டு போயிரும்.”

ஓடி ஓடி மண்ணைத் தள்ளினோம். கடைசிக் குழியின் மேல் கருவி அதுவரை கேட்டிராத தெளிவான ஒலியை எழுப்பியது. படகின் அருகே, கயிறு வரும் பாதையிலேயே. முழங்கை ஆழம் தோண்டியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒலி மட்டும் நிற்கவில்லை.

“அக்கா, செத்த நேரம்...”

அவள் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலை உள்ளே தள்ளத் தொடங்கியிருந்தாள்.

“அத்தைகிட்ட என்ன சொல்லுவ?”

“கடல்ல போச்சுன்னு சொல்லிக்கிறேன். அந்தாளு கால் போச்சுன்னா யாருகிட்ட என்ன சொல்ல? தள்ளு மண்ண.”

கால்கள் அந்த இடத்தைக் கடந்து போயின. வலை கரையேறியபின் மணலில் காலடித் தடங்களைத் தவிர வேறு அடையாளம் இல்லை. நான்கு மணி வரை தேடினோம். கருவி அந்த ஒலியை மீண்டும் தரவில்லை. அக்கா கருவியைச் சேலையில் சுற்றினாள்.

ஊரில் எங்கள் இருவர் வீடும் ஒரே தெருவில். குழாய் பதித்து முடித்தும் மூடாமல் விட்ட பள்ளம், நாங்கள் புறப்பட்டபோது இருந்தபடியே திறந்து கிடந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய்வருகிறோம். மறுநாள் காலை அக்கா மாமியாரிடம் சொல்லப் போனாள். நான் தீவின் மணல் ஒட்டியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.